வேலிக்கு எந்த மரம்?

நாங்க இருக்கிறது நார்த் கரோலினா. பின்வீட்டு சமையலறை ஜன்னல் நேரா எங்க டெக்கைப் பார்த்து இருக்கு. "வருஷம் பூரா பச்சையா நிக்கிற மரமா வெச்சு மறைங்க"ன்னு தங்கமணி ஆர்டர்.

நர்சரியில ஊசியிலை மரத்துல மூணு வகை காட்டினாங்க. லேலண்ட் சைப்ரஸ் வருஷத்துக்கு 3 அடி கிடுகிடுன்னு வளரும். ஆனா எங்க தெருவுல ஒருத்தர் வரிசையா நட்டதுல நடுவுல ரெண்டு காய்ஞ்சு, பல்லு விழுந்த மாதிரி இருக்கு. தண்டைத் தாக்குற செயிரிடியம் பூஞ்சையாம், மருந்தே கிடையாது. எமரால்ட் கிரீன் ஒல்லி, 4 அடி அகலம்தான். மான் கண்ணுல பட்டா மொட்டைதான். கிரீன் ஜயன்ட்டை மான் அவ்வளவா தொடாது, நோயும் குறைவு. ஆனா தொட்டியில அப்பாவியா நிக்கிற இது 50 அடி உயரம் போகும், 12 அடிக்கு மேல பரவும்.

சரி, கிரீன் ஜயன்ட்டே அஞ்சு வாங்கலாம்னு குச்சி நட்டு அளந்துட்டிருந்தேன். ஊர்லேர்ந்து ஆறு மாசத்துக்கு வந்திருக்கிற அம்மா கேட்டாங்க: "அப்போ அந்தம்மா தெரிய மாட்டாங்களாப்பா?"

பின்வீட்டுப் பாட்டி தினமும் பாத்திரம் கழுவிக்கிட்டே அம்மாவுக்குக் கையாட்டுவாங்களாம். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷை கிடையாது. நாங்க ஆபீஸ் போனப்புறம் சாயங்காலம் வரைக்கும் அம்மா பார்க்கிற ஒரே மனுஷ முகம் அது. எனக்கு இது தெரியவே தெரியாது.

நாலு மரம்தான் நட்டேன். ஜன்னலுக்கு நேரா இருந்த குச்சியைப் பிடுங்கிட்டேன். தங்கமணி ஒண்ணும் சொல்லலை. பரவி அந்த இடைவெளியும் மூட வந்தா, கத்தரிக்கோல் இருக்கவே இருக்கு.