பதநீரா, கருப்பட்டியா?

ஆணி புடுங்குறதுக்கு நடுவுல கொஞ்சம் சீரியஸா ஒரு விஷயம்.

பொட்டி தட்டுற நம்ம ஆளுங்க நாலு பேரு சேர்ந்தா பேச்சு கடைசியில இங்கதான் வந்து நிக்கும்: "சைடுல ஏதாச்சும் ஆரம்பிக்கணும் மாப்ள." நானும் ராத்திரி பத்து மணிக்கு மேல, சாயல்குடியில சொந்தக்காரர் ஒருத்தரோட கருப்பட்டிக் கடைக்கு ஒரு கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கிட்டு இருக்கேன். இது எங்க போய் முடியும்னு யோசிச்சப்போ, ஏற்கெனவே கரை சேர்ந்தவங்க கதையைத் தேடிப் படிச்சேன்.

முதல் ஆளு நம்ம கோயம்புத்தூர்க்காரர் சரவணகுமார். இங்கிலாந்துல ஐடி வேலை. மைக்ரோசாஃப்டோட பிஸ்டாக் சர்வர்னு ஒண்ணு. பெரிய கம்பெனிகள்ல தனித்தனியா ஓடுற சாஃப்ட்வேர்களை ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கும். அதுலயே உழன்றவருக்கு, அதை நிர்வகிக்க, கண்காணிக்க உருப்படியான கருவி இல்லைங்கறது தெரிஞ்சது. அவரே எழுதினார். அதுதான் பிஸ்டாக்360. 2011ல கம்பெனி ஆரம்பம். இப்போ பேரு கோவை.கோ. வெளியார் முதலீடு இல்லாமலே வளர்ந்து, 2025ல 140க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு 14 கோடி ரூபாய் போனஸ் அறிவிச்சாங்க!

அடுத்தது அமெரிக்காவுல மெயில்சிம்ப். 2001ல ஒரு வெப்சைட் டிசைன் கம்பெனியோட சைடு வேலையா ஆரம்பிச்சது. 2007லதான் முழுநேரமா அதுல இறங்கினாங்க. 2021ல இன்ட்யூட் கம்பெனி சுமார் 1200 கோடி டாலருக்கு வாங்கினது.

சரி, இதுல நான் புரிஞ்சுக்கிட்டது என்ன? எங்க ஊர் பாஷையிலயே சொல்றேன்.

1. பதநீரை இறக்கின அன்னிக்கே வித்தாகணும். கலயத்துல சுண்ணாம்பு தடவினாலும் ரொம்ப நேரம் தாங்காது. அதையே காய்ச்சி கருப்பட்டி ஆக்கிட்டா மாசக்கணக்குல இருக்கும், ஊர் தாண்டியும் போகும். மணிக்கணக்குக்குக் கூலி வாங்கி கோட் அடிக்கிறது பதநீர். ஒரு தடவை எழுதி நூறு பேருக்கு விக்கிறது கருப்பட்டி.

2. காய்ச்ச விறகு வேணும். மெயில்சிம்ப்புக்கு ஆறு வருஷம் டிசைன் வேலைதான் விறகு. நமக்கு மாசச் சம்பளம். அதனால ஆவேசமா ராஜினாமா கடிதம் நீட்டுறது வீரம் இல்லீங்க, எரியுற அடுப்புல தண்ணி ஊத்துறது.

3. ஒரே மரத்தை நம்பக்கூடாது. கோவை.கோ ஆளுங்க தங்களோட சொந்த உதவிக் குறிப்புகளை எழுதி வைக்க சரியான கருவி கிடைக்காம, தாங்களே ஒண்ணு செஞ்சாங்க. டாக்குமென்ட்360ங்கற அடுத்த தயாரிப்பு அப்படி வந்ததுதான். தன் கால்ல குத்தின முள்ளுலதான் அடுத்த சரக்கு!

இப்ப என் கதை. சீசனுக்கு முன்னாடி பனையேறிகளுக்கு வியாபாரி முன்பணம் கொடுப்பார். கருப்பட்டி வர வர அதுல கழிப்பார். பாக்கி எவ்வளவுன்னு அவர் நோட்டுக்குத்தான் வெளிச்சம். என் சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு தடவை கழிக்கும்போதும் பாக்கித்தொகை பனையேறி போனுக்கு குறுஞ்செய்தியா போயிரும். சொந்தக்காரர் முதல்ல முனகினார். அப்புறம் "சண்டை சச்சரவு குறையுதுப்பா"ன்னு ஒத்துக்கிட்டார்.

போன மாசம் இன்னொரு வியாபாரி கூப்பிட்டார். "தம்பி, அந்த மெசேஜ் சமாச்சாரம் மட்டும் வேண்டாம். எனக்குன்னு தனியா மாத்திக் கொடுங்க, கேக்குற காசு தர்றேன்." என் ரெண்டு மாச வீட்டு வாடகைக்கு ஆகுற தொகை. யோசிக்காம இருக்க முடியல. ஆனா கடைக்கு ஒண்ணுன்னு மாத்த ஆரம்பிச்சா அது திரும்பவும் பதநீர் வியாபாரம்தான். அதுவும் போக, அந்த மெசேஜை எடுத்துட்டா அதுல விக்கிறதுக்கு என்ன மிச்சம்? அவர் நோட்டே போதுமே. "இல்லண்ணே, எல்லாருக்கும் ஒரே சரக்குதான்"னு சொல்லிட்டேன்.

அவர் வாங்கல. இப்போதைக்கு கடை எண்ணிக்கை ஒண்ணுதான் :-)

நீங்க சைடுல என்ன காய்ச்சிக்கிட்டு இருக்கீங்க? (சட்டத்துக்கு உட்பட்டதை மட்டும் சொல்லுங்கப்பா!)