தீவில் ஒரு வளவு

மன்னாரில் காணி பார்க்கிறேன் என்று சொன்னதும் புத்தளத்திலுள்ள எங்கள் சொந்தங்களுக்குள் வாதம் மூண்டுவிட்டது. “சொந்த ஊர் இருக்கத்தக்கதாக வேறு காணி எதற்கு?” என்றார் பெரிய வாப்பா. “இங்கே கட்டிய வீட்டை யாருக்கு விட்டுப் போகிறாய்?” என்றா தாத்தா. இரண்டு கேள்வியிலும் நியாயம் இருந்தது.

எங்கள் ஊர் எருக்கலம்பிட்டி. மன்னார்த் தீவின் வடகரையில், நகரிலிருந்து அதிக தூரமில்லாத ஊர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் ஊரார் பலர் வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அந்தக் கதையை எழுத வல்லவர்கள் எழுதிவிட்டார்கள். காணிக் கணக்கைத்தான் அவ்வளவாக யாரும் எழுதவில்லை.

வாப்பாவின் வளவு 84 பேர்ச், அரை ஏக்கருக்குச் சற்றுக் கூட. அன்று அதில் ஒரு வீடு, ஒரு கிணறு, ஐந்து பிள்ளைகள். வாப்பாவும் உம்மாவும் புத்தளத்திலேயே மௌத்தானார்கள். மார்க்கப்படி பங்கு பிரித்தால் ஆண்கள் இருவருக்கும் 24 பேர்ச் வீதம், பெண்கள் மூவருக்கும் 12 வீதம் என்று கடதாசியில் கணக்குச் சுத்தமாக வருகிறது. மண்ணில் வரவில்லை. கிணறு ஒருவர் பங்கில் விழுகிறது, பாதை இன்னொருவர் பங்கில், மாரியில் தண்ணீர் நிற்கும் பள்ளம் மற்றொருவர் பங்கில். ‘மீள்குடியேற்றம்’ என்ற சொல்லைக் கூட்டங்களில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பள்ளந்தான் நினைவுக்கு வரும்.

ஆகவே நகருக்குள்ளும் பார்த்தேன். உப்புக்குளத்தில் 8 பேர்ச் துண்டொன்று வந்தது. ஆஸ்பத்திரி, கடைத்தெரு, பஸ் நிலையம் எல்லாம் கிட்ட. 2010இல் புதிய பாலம் திறந்தபின் தீவு என்ற எண்ணமே நகரத்தாருக்குக் குறைந்துவிட்டது. 2015இலிருந்து கோச்சியும் தலைமன்னார்வரை ஓடியது. விலைதான் எங்கள் கைக்கு எட்டாத உயரம். தாராபுரத்தில் ஒரு வளவு மலிவாக வந்தது, ஆனால் உறுதியில் மூன்று பேர் கையெழுத்து வைக்கவேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் வெளிநாட்டில் எங்கேயென்று அவருடைய தம்பிக்கே தெரியாது. திரும்பி வந்துவிட்டேன்.

தீவில் காணி பார்க்கிறவன் உறுதியைப் பார்க்குமுன் கிணற்றைப் பார்க்கவேண்டும் என்பது வாப்பாவின் சொல். மணலுக்குக் கீழே மழைநீர் மெல்லிய படையாக உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. வாளியால் அள்ளியவரை அது தாங்கியது. மோட்டர் வைத்து இறைக்க இறைக்க அடியிலுள்ள உவர் மேலே ஏறும். பக்கத்து வளவில் மோட்டர் எத்தனை மணித்தியாலம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது உங்கள் தேத்தண்ணீரின் ருசி. பள்ளிமுனைப் பெருக்கமரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகப் பெருமை பேசுகிறோம். அவர்களும் நல்ல தண்ணீரைத் தேடிப் பார்த்துத்தான் இந்தக் கரையில் தங்கியிருப்பார்கள்.

இப்போது காற்றும் ஒரு கேள்வியாகிவிட்டது. தீவின் தெற்குக் கரையோரம் 2020இல் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற்று. அவற்றுக்குப் போட்ட பாதைகள் மழைநீர் வடியும் வழியை மறிக்கின்றன என்று அப்பக்கத்துச் சனங்கள் சொல்கிறார்கள். இன்னும் காற்றாலைகள் வேண்டாம், கனிய மணலும் அகழவேண்டாம் என்று 2025 ஓகஸ்டில் மன்னாரில் நடந்த போராட்டத்தில் பள்ளிவாசல்காரரும் கோயில்காரரும் தேவாலயத்தாரும் ஒரே பந்தலில் இருந்தார்கள். காணி தேடிப் போன நாட்களில் எனக்கு மனம் குளிர்ந்த காட்சி அது ஒன்றுதான்.

என் மூத்த மகளுக்கு மன்னார் என்பது 2019 நவம்பரில் நின்றுபோனது. ஜனாதிபதித் தேர்தலுக்காகப் புத்தளத்திலிருந்து வாக்காளர்களை ஏற்றிப்போன பஸ்கள்மீது தந்திரிமலைப் பக்கம் துப்பாக்கிச்சூடு நடந்ததல்லவா, அது. “வாக்குப்போடப் போனவர்களுக்கே இப்படியென்றால் வீடு கட்டப் போனால் என்ன செய்வார்கள், வாப்பா?” என்று கேட்டாள். அவளுடைய கூட்டாளிமார் எல்லாரும் புத்தளத்தில். அவளுக்கு ஊர் அதுதான். பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடிக்கும் வழக்கமுள்ள குடும்பம் எங்களுடையது; அவள் வரமாட்டேன் என்றால் நான் கட்டும் வீடு யாருக்கு? இளையவள் மட்டும் கடல் கிட்டவா என்று விசாரித்தாள். கிட்டத்தான் என்றேன். அவள் வருகிறாளாம்.

கடைசியில் வாப்பாவின் வளவுக்கே முடிவாயிற்று. காக்கா கிணற்றடியிலேயே கொட்டில் போட்டு எட்டு வருடமாக இருக்கிறார். அவரை எழுப்ப முடியாது, எழுப்பவும் கூடாது. கிணறு பொது என்று எழுதிக் கையெழுத்து வைத்தோம். பள்ளமான பங்கை நான் எடுத்துக்கொண்டேன். அத்திவாரம் மூன்றடி உயரவேண்டும் என்கிறார் மேசன். மண் எங்கிருந்து வருவது என்று இன்னும் தெரியவில்லை.

தாத்தா வரப்போவதில்லை. பங்கை எனக்கே விற்றுவிடு என்று கேட்டுப் பார்த்தேன். “விற்க மாட்டேன். ஒரு கல்லும் வைக்காதே. வேலி மட்டும் போடு” என்றா. கிடுகு வேலி போதாதா என்றதற்குக் கோபம் வந்துவிட்டது. கம்பி வேலிதானாம், கொங்கிறீட் தூணோடு. 28 தூண் வேண்டும். பாதிக் காசு அனுப்பிவிட்டா. மீதி ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு தருவதாகச் சொல்லியிருக்கிறா.