களியும் கூழும்

கொடிகாமத்துச் சந்தையில் ஒரு காலைப் பொழுதைக் கழித்தவர்களுக்குத் தென்மராட்சி மண்ணின் வளத்தைப் பற்றி எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தேங்காயும் பலாப்பழமும் மாம்பழமும் குவிந்து கிடக்கும். பயிற்றங்காயும் முருங்கைக்காயும் பனங்கிழங்கும் கட்டுக் கட்டாக இருக்கும். தெற்கே கச்சாய்ப் பக்கத்துக் கடலேரியில் பிடித்த றாலும் நண்டும் வந்து சேரும். இவ்வளவும் நம் மண்ணும் நீரும் தந்தவை. ஆயினும், இவற்றை வாங்கிச் செல்லும் பெண் தன் வீட்டில் ஆக்கும் உணவு முழுவதும் இந்த மண்ணுக்கே உரியது என்று சொல்லிவிட முடியாது. கறிக்கு நிறமும் உறைப்பும் தரும் மிளகாய், அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்த்துக்கேயர் வழியாக வந்தது. மரவள்ளியின் பிறப்பிடமும் அதுவே. புட்டுக்கு அவித்து அரிக்கும் கோதுமை மா கப்பலில் வருவது. எங்கள் முதியவர்கள் அதனை ‘அமெரிக்கன் மா’ என்றே அழைப்பர். சமைக்கும் இடத்துக்கு நாம் வழங்கும் ‘குசினி’ என்ற பெயர்கூடப் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல்தான்.

ஆகவே, ஒரு வீட்டின் அன்றாடச் சமையலை வரலாற்றுக்குப் புறம்பானதாகக் கருத இயலாது. நிலத்தை எவர் வைத்திருந்தார், விளைச்சலை எவர் கொண்டு போனார், மிஞ்சியதை எவர் உண்டார் என்பவற்றுக்கெல்லாம் பானை சாட்சி சொல்லும். இவ்வெண்ணம் என்னுள் வலுப்பெறுவதற்கு ருமேனியா நாட்டுக் களி ஒன்று காரணமாயிற்று.

என் தங்கையின் மகன் 2022ஆம் ஆண்டின் இறுதியில் ருமேனியாவுக்குப் போனான். அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று இலங்கை அரசு அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற காலம் அது. தாயின் நகை அடகுக்குப் போயிற்று. முகவர் ஒருவரின் கையில் பல இலட்சம் ரூபாய் வைக்கப்பட்டது. உயர்தர வகுப்பில் கணிதம் படித்த பிள்ளை, புக்கரெஸ்ட் நகரில் எழும்பும் கட்டடங்களுக்குக் கம்பி கட்டச் சென்றான்.

இரண்டு ஆண்டுகளின் பின் விடுமுறையில் வந்தவன், ஒரு மாலை, கொழும்பில் வாங்கி வந்த சோள மாவுடன் குசினிக்குள் நுழைந்தான். உப்பிட்டுக் கொதிக்க வைத்த நீரில் மாவைச் சிறிது சிறிதாகத் தூவி, அகப்பைக் காம்பால் கைவலிக்கக் கிண்டினான். இறுகிப் பானையை விட்டுக் கழன்றதும் பலகையொன்றில் கவிழ்த்து, நூலொன்றைக் குறுக்கே இழுத்துத் துண்டு துண்டாக அறுத்தான். 87 வயதான என் தாயார் வாசற்படியில் இருந்தபடி இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதென்ன மோனை, மஞ்சள் களி கிண்டுறாய்?”

“இது ருமேனியாக்காரற்றை சாப்பாடு, அம்மம்மா. மமலிகா எண்டு சொல்லுவினம். எங்கடை வேலைத்தலத்துக் காவல்காரக் கிழவன்ரை மனுசி காட்டித் தந்தவ. அங்கை ஆட்டுப்பால் கட்டியோடை தின்னுவினம்.”

“பேர் என்னவெண்டாலும் களி களிதான். அந்த நாட்டிலை கோதுமை விளையாதோ?”

“ஏன் விளையாது? கண்ணுக்கெட்டின தூரம் கோதுமைதான்.”

“அப்ப ஏன் மோனை அவையள் இதைத் தின்னினம்?”

அவனிடம் விடை இருக்கவில்லை. ஆட்டுப்பால் கட்டிக்குப் பதிலாக முதல்நாள் மீன்குழம்பை ஊற்றி அனைவரும் உண்டோம், நன்றாகவே இருந்தது. ஆனால் பள்ளிக்கூடம் அதிகம் கண்டிராத என் தாயார் கேட்ட கேள்வியை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நாற்பது ஆண்டு கற்பித்த பழக்கத்தால், புத்தகங்களில் அதற்கு விடை தேடினேன்.

சோளமும் மிளகாயைப் போல அமெரிக்கக் கண்டத்துப் பயிரே. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது வலாக்கியா, மொல்டாவியா என்னும் ருமேனியச் சிற்றரசுகளில் வேரூன்றியது. அவை அன்று துருக்கியச் சுல்தானின் மேலாட்சிக்கு உட்பட்டிருந்தன. கோதுமையும் ஆடுமாடும் சுல்தானின் தலைநகருக்குப் போயின. துருக்கியர் சோளத்தை நாடவில்லை. ஆகையால் அது குடியானவனிடம் தங்கிற்று. 1829ஆம் ஆண்டின் அட்ரியானோப்பிள் உடன்படிக்கை தானிய வாணிபத்தைத் திறந்துவிட்டது. உழுதவனுக்கு அதனால் விடிவு பிறந்ததா? இல்லை. சுல்தானுக்குப் போன கோதுமை, டானியூப் ஆற்றுத் துறைமுகங்கள் வழியாக மேற்கு ஐரோப்பியச் சந்தைக்குப் போகத் தொடங்கிற்று. பணம் நிலப்பிரபுவுக்கும் குத்தகைக்காரனுக்கும் போயிற்று. ஐரோப்பாவின் பெரும் தானிய ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாக ருமேனியா உயர்ந்த அதே காலத்தில், அதன் உழவன் காலையும் மாலையும் சோளக்களியை உண்டு கிடந்தான்.

1907ஆம் ஆண்டு அவன் எழுந்தான். எழுச்சி தொடங்கிய வடகிழக்குக் கிராமத்தின் பெயர் பிளமின்சி. ‘பசித்தவர்கள்’ என்பது அப்பெயரின் பொருள். கதாசிரியன் கற்பித்த பெயரன்று, ஊரின் உண்மைப் பெயர். கிளர்ச்சி நாடு முழுவதும் பரவியது. அரசு படையை ஏவி, ஆயிரக்கணக்கான உழவரைக் கொன்று அதனை அடக்கியது. பனாயித் இஸ்திராத்தி என்ற எழுத்தாளர் 1928இல் வெளியிட்ட ஒரு நாவலுக்கு இக்கிளர்ச்சியே பின்னணி.

களியின் கதையில் இன்னொரு துயரமும் உண்டு. வேறு சத்தான உணவின்றிச் சோளத்தையே நம்பிய உழவர்களைப் பெலாக்ரா என்னும் நோய் பீடித்தது. வெயில் பட்ட தோல் கறுத்து வெடிக்கும், வயிறு கழியும், முற்றினால் புத்தி பேதலிக்கும். சோளத்திலுள்ள நியாசின் என்ற உயிர்ச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை என்பதே இதற்குக் காரணம். ஆனால் சோளம் பிறந்த மெக்சிகோவில், அதையே பன்னெடுங்காலம் உண்டு வாழ்ந்தவர்களை இந்நோய் இவ்வாறு வாட்டவில்லை. அந்நாட்டுப் பெண்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து ஊறவைத்த பின்னரே அரைத்தனர். சுண்ணாம்பு அச்சத்தைப் பிரித்து விடுவித்தது. கப்பலேறிய வணிகன் விதையைக் கொண்டு வந்தான். பெண்களின் கைமுறையை அவன் கேட்டறியவில்லை. அந்த அலட்சியத்தின் விலையை, கடலுக்கு அப்பால் இருந்த ஏழைகள் தங்கள் உடம்பால் கொடுத்தார்கள். குறைபட்டது நியாசின்தான் என்பதை விஞ்ஞானம் கண்டறிந்தது 1937இல்.

இதைப் படித்தபோது என் தாயாரின் ஒடியல் மாவே என் நினைவுக்கு வந்தது. பனங்கொட்டையை மணற்பாத்தியில் புதைத்து, சில மாதங்களில் கிழங்கைக் கிண்டி எடுத்து, பச்சையாகவே கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அதை இடித்த மாவை அப்படியே சமைத்து உண்ண முடியாது. நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, மீண்டும் நீர் விட்டு வடித்துக் கசப்பைப் போக்க வேண்டும். எத்தனை முறை என்பதைக் கைதான் சொல்லும். பின்னர் மீன், நண்டு, றால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை ஆகியவற்றை வேகவைத்து, அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் சேர்த்து, இந்த மாவைக் கரைத்து ஊற்றினால் கூழாகிறது. மாவில் இல்லாத சத்தை மீனும் கீரையும் பயறும் ஈடு செய்கின்றன. இவ்வறிவை எங்கள் பெண்கள் எந்தப் பாடசாலையிலும் கற்கவில்லை, பஞ்சம் கற்பித்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டுத் தென்மராட்சிக்கு வந்தபோது, எங்கள் வளவில் மாத்திரம் ஐந்து குடும்பங்கள் தங்கின. கொடிகாமத்தில் மரத்தடிகள்கூட வீடுகளாயின. அரிசிக்கு யானை விலை. என் தாயாரும் தங்கையும் வந்த பெண்களும் சேர்ந்து பெரிய கிடாரத்தில் கூழ் காய்ச்சினார்கள். ஆள் கூடக் கூடத் தண்ணீரும் முருங்கையிலையும் கூடின. அம்மாதங்களில் கூழ் எங்களைக் காத்தது. அதற்காக அதை நான் வணங்குகிறேன்.

ஆனால் வணங்குவதோடு நின்றுவிடக் கூடாது. யாழ்ப்பாணத்துக் கூழ் இப்போது ஒரு பெருமைப் பொருளாகிவிட்டது. உல்லாச விடுதிகளில் அதைப் பனையோலைப் பிளாவில் வார்த்துக் கொடுக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் படம் பிடிக்கிறார்கள். அந்தப் பிளாவுக்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. வீட்டுக்காரரும் பிளாவில் குடித்ததுண்டு. அது அவர்களுடைய விருப்பம். தோட்டம் கொத்தியவனுக்கும் பனையேறியவனுக்கும் முற்றத்தில் வைத்துப் பிளாவிலும் சிரட்டையிலும் வார்த்தது, வீட்டுச் செம்பை அவன் தொடக் கூடாது என்பதற்காக. குடித்து முடித்ததும் அவன் அதை எறிந்துவிட்டுப் போக வேண்டும். 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் புறப்பட்டதும், அதன் பின் தேநீர்க் கடைகளிலும் கோவில் வாசல்களிலும் போராட்டங்கள் நிகழ்ந்ததும் இந்த ஓரவஞ்சனையை ஒழிப்பதற்கே. அவ்வரலாற்றை அழித்துவிட்டுப் பிளாவை மாத்திரம் அழகுப் பொருளாக்குவது நேர்மையாகாது.

யாழ்ப்பாணத்து ஏழை ஏன் ஒடியலை நம்பினான் என்றும் கேட்க வேண்டும். ஆறில்லாத நாடு, ஒருபோக வயல் என்பது பாதி விடை. நீர் வளமுள்ள செம்மண் தோட்டங்களில் நெடுங்காலம் விளைந்தது புகையிலை. அது திருவிதாங்கூருக்கு விலையாகிப் போனது. உண்ணும் அரிசி பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் பர்மா யப்பானியரிடம் வீழ்ந்ததும் கப்பல் நின்றது. கூப்பனும் கோதுமை மாவும் குசினிக்குள் புகுந்தன. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி இலங்கைத் தொழிலாளரும் உழவரும் ஹர்த்தால் செய்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பிரதமர் டட்லி சேனநாயக்க ஒக்டோபரில் பதவி துறந்தார். சோற்றுப் பானை அரசாங்கத்தையும் அசைக்கும் என்பதை இந்நாடு அன்று கண்டது.

ருமேனியாவில் ஒரு பழமொழி வழங்குகிறதாம்: மமலிகா வெடிப்பதில்லை. எவ்வளவு கொதித்தாலும் அந்நாட்டு மக்கள் பொறுமையை இழக்கமாட்டார்கள் என்ற ஏளனம் அதில் உண்டு. 1907 அதைப் பொய்யாக்கிற்று. 1989 மீண்டும் பொய்யாக்கிற்று. இந்த இரண்டாவதைப் பற்றி நம் அணியினர் பேசத் தயங்குவர். ஆயினும் பேசியே ஆக வேண்டும். சோசலிசத்தின் பெயரால் ஆண்ட நிக்கொலாய் சௌசெஸ்கு, வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக 1980களில் நாட்டின் உணவை ஏற்றுமதி செய்தார். பாணும் எண்ணெயும் சீனியும் மக்களுக்குப் பங்கீடாயின. கடன் 1989இல் அடைபட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. சுல்தான், நிலப்பிரபு, மக்களின் பெயரால் ஆண்டவர் என்று கொண்டு போனவர்கள் மாறினார்கள். உழைத்தவனின் பலகையில் களியே இருந்தது. செங்கொடியின் கீழ் நடந்தது என்பதற்காக இக்கொடுமையை நாம் மன்னித்துவிட்டால், நிலப்பிரபுவைக் கண்டிக்கும் உரிமையும் நமக்கு இல்லாமற் போகும்.

ருமேனியா 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அதன் இளைஞர்கள் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் பிறர் தோட்டங்களில் பழம் பறிக்கவும் கட்டடம் கட்டவும் போனார்கள். அவர்கள் விட்டுச் சென்ற இடத்தை நிரப்ப, 2022இல் அந்நாட்டு அரசு வெளிநாட்டுத் தொழிலாளர் 1,00,000 பேருக்கு அனுமதி ஒதுக்கியது. நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிள்ளைகள் போனார்கள். என் மருமகனும் அவர்களில் ஒருவன். அவனுக்குக் களி கிண்டக் கற்பித்த கிழவியின் இரு மகன்களும் இத்தாலியில் இருக்கிறார்கள் என்று அவன் சொன்னான். தன் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட இயலாத தாய் ஒருத்தி, கொடிகாமத்துப் பிள்ளைக்கு ஆக்கிப் போட்டிருக்கிறாள். இங்கே என் தங்கை, ஒருவருக்கு மாத்திரம் குறைத்து அரிசி போடப் பழகிக்கொண்டாள். இரு தாய்மாரும் ஒருவரையொருவர் கண்டதில்லை, காணப் போவதுமில்லை. ஆனால் அவர்களை இணைக்கும் உறவு, எந்தத் தூதரகமும் ஏற்படுத்தித் தந்த உறவைவிட மெய்யானது.

ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நான் வேண்டுவது இதுதான். உங்கள் ஊரில் ஒடியல் வடிக்கவும் குரக்கன் களி கிண்டவும் தெரிந்த முதிய பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், அளவும் முறையும் கேட்டு எழுதுங்கள். விதையைக் கொண்டு போய் அறிவை விட்டுச் சென்ற வணிகனைப் போல நாம் இருக்கலாகாது. எழுதும்போது இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். அந்நாளில் உங்கள் வீட்டார் உழுத நிலம் யாருடையது? அதில் விளைந்த நெல் எங்கே போயிற்று? பலர் முதலில் மௌனமாக இருப்பார்கள். பொறுத்திருந்தால் சொல்வார்கள். அந்த விடைகள் இல்லாத சமையற் குறிப்பு அரைகுறையானது. அவற்றோடு சேர்ந்தால் அது நம் மக்களின் வரலாற்றில் ஒரு பக்கமாகும்.