சொதிக்கு விலை இல்லை

டொரன்டோவின் ஸ்காபரோ பகுதியில் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகளில் இடியப்பம் வாங்கினால் சொதியும் சம்பலும் கூடவே வரும். பெரும்பாலும் அவற்றுக்குத் தனி விலை கிடையாது. விலைப்பலகையில் இடம்பிடித்திருப்பவை ரோல்ஸ், கொத்துரொட்டி, ஆட்டிறைச்சிக் கறி, பிரியாணி. கடைக்காரரில் பிழையில்லை, நாங்கள் கேட்பதைத்தான் அவர் விற்கிறார். ஊர்ச் சாப்பாடு என்றதும் புலம்பெயர்ந்த மனதில் முதலில் எழுவது விசேஷ நாளின் சாப்பாடு. ஊரில் வருஷத்துக்குச் சில தடவை உண்டது இங்கே வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடாகி, பிறகு செவ்வாய்க்கிழமைக்கும் வந்துவிட்டது. மற்ற 300 நாளும் ஊரில் என்ன சமைத்தார்கள் என்பதைத்தான் மறந்துபோனோம். கொழுப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்ன மறுநாளே ஓட்ஸையும் சாலட்டையும் வாங்கி, இரண்டு கிழமையில் அலுத்துப்போய் விட்டுவிடுவதற்கு இந்த மறதிதான் காரணம் என்பது என் கட்சி. எண்ணெய் குறைந்த, கால் மணியில் முடிகிற சமையல் நமக்கு ஏற்கெனவே உண்டு. அதற்கு மதிப்புத்தான் இல்லை.

டாக்டர் சொல்வது வெறும் பயமுறுத்தல் அல்ல. இந்த நகரத்துக்குப் பக்கத்திலேயே, ஹமில்டனில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் சலிம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. அதன் தரவுகளைக் கொண்டு 2007இல் வந்த கட்டுரை, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 6 வருஷம் முந்தி, 53 வயதளவில் வருகிறது என்று காட்டியது. கொழுப்பு ஒன்றே அதற்குக் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. புகைத்தல், நீரிழிவு, வயிற்றுப் பருமன், உடலசைவின்மை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆனால் வீட்டில் நம் கைக்கு எட்டுவது எண்ணெய்ப் போத்தல். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. எந்த எண்ணெயானாலும் ஏறக்குறைய இதேதான். கனடாவின் சொந்தப் பிள்ளையான கனோலாவில் நிறைகொழுப்பு மிகக் குறைவு, உண்மைதான். அதற்காக மூன்று லீற்றர் கானைச் சரித்துக் கண்மட்டத்தில் ஊற்றினால் கலோரி குறையப் போவதில்லை. ஊரில் எண்ணெய் காசு கொடுத்து வாங்கும் பண்டம், கரண்டியால் அளந்து விட்டார்கள். இங்கே அது மலிவு. கத்தரிக்காயைப் பொரித்துப் பாருங்கள்: பஞ்சுபோன்ற சதை சட்டியிலிருந்த எண்ணெயைக் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். அதையே மஞ்சளும் உப்பும் பிரட்டி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவி, 425 பாகை ஃபாரன்ஹீட்டில் அவனில் வைத்தால் 25 நிமிடத்தில் பழுப்பேறிவிடும். பொரித்த குழம்புக்கு அது போதும். வித்தியாசம் தெரியாது என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் தெரியும்.

சொதியைப் பாருங்கள். நாலைந்து சின்ன வெங்காயம், கீறிய பச்சைமிளகாய் இரண்டு, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், கருவேப்பிலை, உப்பு, இரண்டு கோப்பை தண்ணீர், இருந்தால் ஒரு தக்காளி. வெங்காயம் கண்ணாடிபோல வெந்ததும் தேங்காய்ப்பாலை விட்டு, நுரைகட்டி எழும்புகிற தருணத்தில் இறக்கிவிட வேண்டும். சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் தேசிக்காய்ப் புளி. கொதியில் பிழிந்தால் திரைந்துபோகும். வதக்கல் இல்லை, தாளிதம் கட்டாயமில்லை, எண்ணெய்ப் போத்தலைத் தொடவே வேண்டாம். வறையும் அப்படித்தான். கேல் கீரையைத் தமிழர் சமையலறை சாலட்டாக ஏற்றதோ இல்லையோ, வறையாக உடனே ஏற்றுக்கொண்டது: நடு நரம்பை உருவிவிட்டு இலையைப் பொடியாக அரிந்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து, இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து மூடினால் ஐந்து நிமிடம், இறக்கும்போது ஒரு சிறு பிடி தேங்காய்ப்பூ. மைசூர்ப் பருப்பு ஊறவும் வேண்டாம், 20 நிமிடத்தில் குழையும். இடியப்பமும் பிட்டும் ஆவியில் வேகிறவை. ஒடியல் கூழில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, ஆனால் அதை அவசரச் சமையல் என்றால் ஊரே சிரிக்கும்.

கொழுப்பு அல்ல, சோறுதான் வில்லன் என்று ஒரு மறுப்பு உண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் ஏறக்குறைய 49,000 பெண்களை வைத்து நடந்த பெரும் ஆய்வின் முடிவு 2006இல் வந்தது: மொத்தக் கொழுப்பைக் குறைத்ததால் மட்டும் இருதய நோய் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. 2019இன் கனடிய உணவு வழிகாட்டியும் பரிமாறல் அளவுக் கணக்கை விட்டுவிட்டு, பாதித் தட்டு மரக்கறியும் பழமும், கால் தட்டு புரதம், கால் தட்டு முழுத்தானியம் என்று படம் போட்டது. நம் தட்டில் முக்கால் பங்கு சோறு. மரக்கறி ஓரத்தில் பொட்டு வைத்ததுபோல. கழித்த எண்ணெயின் இடத்தில் இன்னொரு அகப்பை சோறு வந்து உட்கார்ந்தால் பயனில்லை, பருப்பும் கீரையும் வரவேண்டும். இதே காரணத்தால்தான் கொழுப்பு நீக்கியது என்று அச்சிட்ட பழத் தயிரை நான் நம்புவதில்லை. கொழுப்பு போன இடத்தில் பல சமயம் சீனி குடியேறியிருக்கும். மாறாக, டின் மீனில் உள்ள கொழுப்புக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது தேங்காய். பாட்டன் பூட்டன் தேங்காய்ப்பால் குடித்தல்லவா 90 வயது வாழ்ந்தார்கள் என்பார்கள். வாழ்ந்தவர்களை நினைவு வைத்திருக்கிறோம், 50இல் போனவர்களின் கதையை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. வாழ்ந்தவர்களும் வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைத்தவர்கள், மீன் சந்தைக்கு நடந்து போனவர்கள். ஜனவரிக் குளிரில் வீட்டு வாசலிலிருந்து காருக்கு நடப்பதே நம் உலாத்தல். தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைகொழுப்பு. தேங்காயை விலக்கச் சொல்லவில்லை, மணத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு போதும் என்கிறேன்.

நேரமில்லை என்பதே கனமான மறுப்பு. இரண்டு வேலை, மாறிமாறி ஷிஃப்ட். வீட்டுச் சமையல் என்ற அறிவுரை கடைசியில் எந்தத் தோளில் போய் இறங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மனக்குறையைச் சமையல் குறிப்பால் தீர்க்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம்: நேரத்தைத் தின்பது வதக்கலும் பொரியலும், அவை தெறித்த அடுப்பைத் துடைப்பதும். சொதியும் வறையும் பருப்பும் மூன்று அடுப்பில் பக்கத்துப் பக்கத்தில் அரை மணிக்குள் முடிகிறவை. பத்து வயதுப் பிள்ளைக்கும், இதுவரை சட்டியைத் தொடாத தகப்பனுக்கும் ஒரே தடவையில் பழக்கிவிடலாம். தவறினால் கெடுவதற்கு அவற்றில் பெரிதாக ஒன்றுமில்லை.

சமையலறையில் கொழுப்பை ஏற்றுகிற இன்னொரு விஷயம் சிக்கனம். தேங்காய்ப்பால் டின் 400 மில்லிலீற்றர். அதில் 60 முதல் 80 கிராம் வரை கொழுப்பு. திறந்ததை வீணாக்கக் கூடாது என்று முழுவதையும் கறிக்குள் கவிழ்த்துவிடுகிறோம். லைட் என்று எழுதிய டின்னை வாங்குவது இதற்கு வழியல்ல, அதில் பெரும்பாலும் கூடுதல் தண்ணீருக்குத்தான் காசு கொடுக்கிறோம். பாலை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிட்டால் பன்னிரண்டு பதின்மூன்று கட்டி வரும். நாலு பேருக்கான சொதிக்கு இரண்டு கட்டி.