சொறிக்கல்முனையிலிருந்து வளாகம் எவ்வளவு தூரம்?

வயல்களும் திருச்சிலுவை ஆலயமும் கொண்ட தமிழ்க் கிராமம் சொறிக்கல்முனை. அயலூரான சம்மாந்துறையிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. போரினால் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர முடியாதுபோன முஸ்லிம் மாணவருக்காக 1995இல் தொடங்கிய இந்நிறுவனத்தில் இன்று எல்லா இனத்தவரும் படிக்கின்றனர்.

பஸ்ஸில் போனால் வளாகம் கிட்டத்தான். கணவனை இழந்து வயற்கூலிக்குப் போகும் தாயின் மூத்த மகளுக்கோ அது தூரம். தம்பி தங்கையைப் பார்ப்பவள் அவள்தான். "பொம்பிளப் பிள்ளைக்கு இனி என்ன படிப்பு?" என்பார்கள் உறவினர். அனுமதியில் மாவட்டத்துக்கு ஒதுக்கீடு உண்டு. சாதியால் ஒதுக்கப்பட்டவளுக்கோ விதவையின் மகளுக்கோ தனி ஒதுக்கீடு இல்லை. மஹாபொல உதவிப்பணமும் அனுமதி கிடைத்த பிறகுதான்.

சகோதரிகளே, மாதர் சங்கச் சேமிப்பில் ஒரு பங்கை இப்பிள்ளைகளின் முதலாம் ஆண்டுச் செலவுக்கு ஒதுக்குவோம். அந்தத் தூரத்தை நாம் குறைக்கலாம்.