பெரிய டயரும் பெல்ட் கருகிய மணமும்



கொஞ்சம் நீளமான பதிவு. வாகனத்தில் ஆர்வம் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். டியோ, என்டோர்க் மாதிரி ஸ்கூட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கடைசி வரை வாசியுங்கள். விஷயம் ஏடிவி பற்றியதுதான், ஆனால் உள்ளே இருக்கிற சாமான் உங்கள் ஸ்கூட்டியில் இருப்பதும் அதுவேதான்.

நாங்கள் என்று எழுதினால் மூன்று பேர். உயர்தரத் தொழினுட்பப் பிரிவுக்குப் படிப்பிக்கும் ஒருவர், உல்லைக் கடற்கரையில் ஏடிவி ஓட்டி வெளிநாட்டுக்காரரைக் கூட்டிப்போகிற அவருடைய தம்பி, பொத்துவில் கராஜில் வேலை செய்கிற பாஸ். வியாழன் பின்னேரங்களில் அஸருக்குப் பிறகு மூன்று பேரும் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்த வண்டியில்தான் வந்து நிற்கும்.

வண்டி பாவித்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு நாட்டுக்குள் இருந்ததைத்தான் கைமாற்றிக் கைமாற்றி வாங்க வேண்டியிருந்தது. லீசிங் எடுத்தால் வட்டி என்று தம்பியின் மனைவி தன்னுடைய இரண்டு காப்பையும் விற்றுக் காசைக் கையில் கொடுத்தா. அதனால் இந்த வண்டி ஓடாமல் நின்றால் அது வெறும் இரும்பு நிற்பது இல்லை. சீசன் என்பது இங்கே மே தொடக்கம் ஒக்டோபர் வரைக்கும்தான். அந்த ஆறு மாதத்தில் உழைப்பதை வைத்துத்தான் மற்ற ஆறு மாதமும் அடுப்பெரிய வேண்டும்.

முன்னைய உரிமையாளர் அதற்கு 27 அங்குல டயர் போட்டிருந்தார். கம்பனி கொடுத்தது 25. பார்க்க யானைக்குட்டி மாதிரி எடுப்பாக இருக்கும், விலை பேசும்போதும் அதைத்தான் பெருமையாகச் சொன்னார். டயரை மாற்றியவர் கிளச்சைத் தொடவில்லை என்பது கழற்றிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

முதல் சீசனிலேயே இரண்டு பெல்ட் போனது. இரண்டாவது அறுந்தது எலிபன்ட் ரொக் பக்கம், மஃரிப் நெருங்கிய நேரம், பின்னால் ஒரு வெளிநாட்டுத் தம்பதி. அந்தப் பக்கம் பொழுது பட்டால் யானை நடமாட்டம் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தம்பி அவர்களை நடத்திக் கூட்டி வந்து தங்குமிடத்தில் விட்டுவிட்டு, காசும் வாங்காமல் வந்து, "காக்கா, இத வித்திட்டு ஒரு த்ரீவீல் எடுப்பமா?" என்று கேட்டான். அன்றைக்கு இரவுதான் இதைச் சரியாகப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம்.

டயர் பெரிதானால் என்ன நடக்கிறது என்பதை முதலில் கணக்காகப் பார்த்தோம். 25 அங்குல டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 1995 மில்லிமீட்டர் போகும். 27 என்றால் 2154. அதாவது 8 சதவீதம் கூட. ஒரு சுற்றுக்குக் கூடத் தூரம் போகிறது என்றால், தரையைத் தள்ளுகிற விசை அதே அளவுக்குக் குறைகிறது. 25-ஐ 27-ஆல் வகுத்தால் 0.926. எஞ்சின் அதே பலத்தோடு சுற்றினாலும் மணலில் கிடைப்பது 7 சதவீதத்துக்கு மேல் குறைவு. இன்னொன்று, வேகமானி சில்லின் சுற்றைத்தான் எண்ணுகிறது. அது 40 காட்டும்போது வண்டி உண்மையில் 43-ல் போகிறது. ஆள் ஏற்றி ஓடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாரம் வேறு. ஒவ்வொரு டயரும் பழையதை விட 3 கிலோ கூட இருந்தது (அரிசிக் கடைத் தராசில் நிறுத்தோம், கடைக்காரருக்கு ஜஸாக்கல்லாஹ்). நாலுக்கும் 12 கிலோ. வட்டத்தின் வெளி விளிம்பில் இருக்கிற பாரம் வண்டியோடு சேர்ந்து முன்னே போகவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். ஆகவே வேகம் எடுக்கும்போது ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கணக்கில் வரும். 24 கிலோ என்று வைப்போம். ஒரு சின்னப் பிள்ளையைப் பின்னால் ஏற்றின மாதிரி. அது மட்டும் என்றால் பெல்ட் தாங்கும்.

பெல்ட்டைக் கொன்றது வேறொன்று, அதைக் கண்டுபிடித்தவர் பாஸ். "சேர், பழைய டயர் மண்ணுல சறுக்கும். இது சறுக்காது" என்றார். அவ்வளவுதான் சொன்னார், எங்களுக்கு விளங்கிவிட்டது. சின்ன டயர் மணலில் இறுகினால் சும்மா சுற்றி மண்ணை எறியும், அது ஒரு பியூஸ் மாதிரி. பெரிய கட்டை வைத்த டயர் மண்ணைக் கவ்விப் பிடிக்கிறது. சில்லு சறுக்காவிட்டால் வேறு எங்கேயோ சறுக்கத்தான் வேண்டும். எஞ்சினுக்கும் சில்லுக்கும் நடுவில் ஆகப் பலவீனமான இடம் ரப்பர் பெல்ட்.

இந்தப் பெல்ட் கிளச்சை வகுப்பில் சிவிடி என்று படிப்பிக்கிறோம். 1958-ல் நெதர்லாந்தில் டாஃப் கம்பனி வேரியோமெட்டிக் என்ற பெயரில் காரில் போட்டு வந்ததும் இதே எண்ணத்தில்தான். கூம்பு வடிவத் தட்டுகள் இரண்டு சேர்ந்து ஒரு புல்லி. எஞ்சின் பக்கம் ஒன்று, சில்லுப் பக்கம் ஒன்று. எஞ்சின் பக்கத் தட்டுக்குள் ரோலர்கள் கிடக்கின்றன. எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற அவை வெளியே வீசப்பட்டுத் தட்டை நெருக்கும், பெல்ட் மேலே ஏறும், கியர் உயரும். சில்லுப் பக்கத்தில் ஒரு பெரிய ஸ்பிரிங் அந்தத் தட்டுகளை இறுக்கிப் பிடித்து, பெல்ட்டைக் கீழ்க் கியருக்கே இழுத்துக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் நடக்கிற கயிறிழுப்புத்தான் வண்டியின் குணம். பொலாரிஸ் போன்ற வண்டிகளில் ரோலருக்குப் பதிலாக வளைந்த எடைக்கட்டைகளும், எஞ்சின் பக்கத்திலேயே ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். எங்களுடையது ரோலர் வகை. 8 ரோலர், ஒன்று 18 கிராம். டியோவில் 6 இருக்கும், வேலை அதே வேலை.

வெளியிலிருந்து ஒரு கிளச் கிட் எடுப்பித்தோம். 2022-ல் டொலர் 200-லிருந்து 360 வரைக்கும் ஏறியதற்குப் பிறகு பார்ட்ஸ் விலை கேட்டால் வாய் உலரும், அந்தக் கதையை விடுவோம். கிட்டில் 14 கிராம் ரோலர் 8, மிகவும் கடினமான ஒரு ஸ்பிரிங். விற்றவர் "இதப் போட்டா பழைய பவர் அப்படியே வரும்" என்றாராம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்தக் கிட்டும் அந்த 8 சதவீதத்தைத் திருப்பித் தராது. பெல்ட் கீழே இறங்கக்கூடிய எல்லையைத் தட்டின் வடிவம் தீர்மானிக்கிறது, அதை ரோலரோ ஸ்பிரிங்கோ மாற்றாது. கிட் செய்வது ஒன்றே ஒன்று. எஞ்சின் எந்தச் சுற்றில் நல்ல பலம் தருகிறதோ அந்தச் சுற்றுக்கு வருவதற்கு முன் பெல்ட் ஏறிவிடாமல் தடுப்பது.

ரோலரின் விசை அதன் நிறைக்கும், சுற்று வேகத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதம். ஆகவே நிறையைக் குறைத்தால் எஞ்சின் எவ்வளவு கூடச் சுற்ற வேண்டும் என்பதை வர்க்கமூலம் போட்டுக் கண்டுபிடிக்கலாம். 18-ஐ 14-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.13. முழுத் திரொட்டிலில் எங்கள் வண்டி 5500-ல் நின்றது. பிளக் வயரில் சுற்றுகிற மலிவான ஆர்பிஎம் மீட்டர் ஒன்றைக் கட்டித்தான் பார்த்தோம். 14 கிராம் போட்டால் 6200-க்கு மேல் போகும். போட்டும் பார்த்தோம், போனது. வண்டி கத்தியது, பெட்ரோல் குடித்தது, நேர் மணலிலும் வேகம் வரவில்லை. கிட்டோடு வந்த தாளில் அந்த ரோலர் 28 முதல் 30 அங்குலச் சேற்று டயருக்கு என்று சின்ன எழுத்தில் இருந்தது.

புது ரோலர் வாங்கக் காசில்லை. இருக்கிற இரண்டு செட்டையும் கலந்தோம். ஒரு 18, ஒரு 14, மீண்டும் ஒரு 18 என்று மாறி மாறி நாலு நாலு. அப்படிச் சமச்சீராக வைத்தால் சராசரி 16 கிராம். இதற்கு வர்க்கமூலக் கணக்கு 5830 சொன்னது, மீட்டர் 5800-ஐ ஒட்டி நின்றது. வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் செய்து காட்டியபோது கடைசி வாங்கில் இருக்கிற பொடியன் ஒருவன், வழமையாக யன்னலுக்கு வெளியே பார்க்கிறவன், எழும்பி "சேர், அப்ப என்ட வாப்பாட டியோக்கும் இப்படிப் பார்க்கலாமா?" என்று கேட்டான். பார்க்கலாம். அதற்கு முன் டயர் அளவைப் பாருங்கள். டியோவுக்கு 90/100-10 போட்ட இடத்தில் 100/90-10 போட்டால் உயரம் இரண்டுக்கும் 434 மில்லிமீட்டர்தான். கொஞ்சம் பாரமும் அகலமும் கூடும், கியர் மாறாது. அதற்காக ரோலர் மாற்றச் சொல்கிறவர் உங்கள் காசைத்தான் பார்க்கிறார்.

ஸ்பிரிங் விஷயத்தில் நேரம் கூடப் போனது. கடின ஸ்பிரிங்கைப் போட்டால் பெல்ட் வழுக்காது, ஏற்றத்தில் சட்டென்று கீழ்க் கியருக்கு வரும். ஆனால் எப்போதும் நசுக்கிக்கொண்டே இருப்பதால் சும்மா ஓடும்போதும் பெல்ட் சூடாகும். சூட்டை அளக்க, கொரோனாக் காலத்தில் பாடசாலை வாசலில் எல்லோருடைய நெற்றிக்கும் பிடித்த அந்தத் துவக்கை எடுத்துப் போனோம். காய்ச்சல் அளவைத் தாண்டினால் அது எண்ணே காட்டாது! பிறகு பாஸின் மல்டிமீட்டர் வயரை, பெல்ட் மூடியின் காற்று வெளியேறுகிற குழாய்க்குள் விட்டுப் பார்த்தோம். ஒரே தூரம், ஒரே ஆள், ஒரே நேரம். கடின ஸ்பிரிங்கோடு காற்றுத் தெளிவாகக் கூடச் சூடாக வந்தது. பழைய ஸ்பிரிங்கைப் புதியதோடு நிறுத்திப் பார்த்தால் 9 மில்லிமீட்டர் கட்டை, தளர்ந்துபோயிருந்தது. கடைசியில் கம்பனி அளவிலேயே புது ஸ்பிரிங் ஒன்று போட்டோம். கிட்டில் வந்த கடின ஸ்பிரிங் இப்போது தம்பியின் வீட்டுக் கதவுக்குத் தடையாக இருக்கிறது.

பெல்ட் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. புல்லித் தட்டில் மார்க்கர் பேனாவால் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரு கோடு போட்டு ஓடிவிட்டுக் கழற்றுங்கள். பெல்ட் தொட்ட இடம் வரைக்கும் கோடு அழிந்திருக்கும். 14 கிராமோடு விளிம்புக்கு வர நல்ல தூரம் மிச்சம் இருந்தது. கலந்து போட்ட பிறகு கிட்டத்தட்ட விளிம்பு வரை போனது.

பூட்டும்போது பலர் கவனிக்காத ஒன்று. எஞ்சின் பக்கத் தட்டுகளுக்கு நடுவில் பெல்ட் அகப்பட்டுக் கிடக்கும்போது நட்டை இறுக்கினால், நட்டு தட்டை இறுக்காது, பெல்ட்டைத்தான் இறுக்கும். ஓடியதும் பெல்ட் நகரும், நட்டு தளரும், தட்டின் பல்லெல்லாம் தேய்ந்து போகும். சில்லுப் பக்கத் தட்டை விரித்துப் பெல்ட்டை உள்ளே இறக்கி, முன்பக்கம் தளர்வாக வைத்துக்கொண்டு நட்டைப் பூட்டுங்கள். ஸ்கூட்டிக்கும் இதேதான். தட்டில் கிறீஸ் ஒரு துளியும் படக்கூடாது. சட்டி கழுவுகிற பச்சைத் துணியால் தேய்த்து, துடைத்து, உலர்த்திவிட்டுப் பூட்ட வேண்டும்.

இவ்வளவும் செய்தும் ஆகக் கூடப் பலன் தந்தது ஒரு சதமும் செலவில்லாத வேலை. லோ கியர். தம்பி எப்போதும் ஹையிலேயே ஓடுவான். இழுவைக்கு லோ என்று வண்டியில் இருக்கிறதே, அது மரம் இழுக்கிறவர்களுக்கு என்று நினைத்திருந்தான். மென்மணலில், இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, மெதுவாக ஹையில் போனால் பெல்ட் ஆகக் கீழே கிடந்து வழுக்கும். லோவில் போட்டால் டயர் தின்ற 8 சதவீதத்தை விடப் பல மடங்கு திரும்பி வருகிறது. டயர்க் காற்றையும் 5 பிஎஸ்ஐக்குக் கொண்டுவந்தோம்.

பெரிய டயர் வேண்டுமா என்று கேட்டால் பாஸின் பதில், 25-ஐயே திரும்பப் போடுவதுதான். நாங்களும் அதைத்தான் சொல்வோம். நாலு புது டயரின் விலை கிட்டை விடக் கூட வந்ததால்தான் இந்தப் பாடெல்லாம். நல்ல 25 டயரோடு இருக்கிற வண்டியை எடுப்புக்காக மாற்றப் போகிறவர்கள், அந்தக் காசுக்கு ஒரு மேலதிகப் பெல்ட் வாங்கிச் சீட்டுக்குக் கீழே வையுங்கள்.

அஸருக்குப் பிறகு தொடங்கினால் மஃரிபுக்கு முன் திரும்ப வேண்டும் என்று தம்பிக்குச் சட்டம் போட்டிருக்கிறோம். யானைக்காக மட்டுமில்லை, இரவில் ஆமை கரையேறி முட்டையிடுகிற மணல் அது. இந்தப் பாரத்தோடு அதன்மேல் ஏறினால் கீழே இருப்பது ஒன்றும் மிஞ்சாது. ஆமை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர், சட்டம் இல்லாவிட்டாலும் அல்லாஹ்வின் படைப்பு.

போன சீசன் முழுக்க ஒரே பெல்ட், அல்ஹம்துலில்லாஹ். ஒக்டோபரில் கழற்றி வேனியரால் அளந்தோம், கைநூலில் போட்டிருக்கிற ஆகக்குறைந்த அகலத்துக்கு இன்னும் இடமிருக்கிறது. காப்பு இன்னும் திரும்ப வாங்கவில்லை. பவுண் விலை உங்களுக்குத் தெரியும்தானே. ஒன்றுக்கு மட்டும் தம்பி சேர்த்துக்கொண்டிருக்கிறான்.