'அவன் அப்படித்தான்' என்று சொல்வதை நிறுத்தினோம்

எங்கள் காலனியிலிருந்து விழுப்புரம் போக வேண்டுமென்றால் ஊர்த் தெரு முனையில் உள்ள டீக்கடை வாசலில் நின்றுதான் பஸ் ஏற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காலை, தம்பியை மருத்துவமனைக்கு அழைத்துப் போக அம்மாவும் அக்காவுமாக நாங்கள் இருவரும் அங்கே நின்றோம். தம்பிக்கு அப்போது 19 வயது. ஆட்டிசம் உள்ளவன். நாங்கள் பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தபோது அவன் நேராகக் கடைக்குப் போய், "அண்ணே, ஒரு டீ குடு, சீக்கிரம்" என்றான்.

அந்த வாக்கியம் அவனுடையதல்ல. அதே கடையில் ஊர்ப் பையன்கள் தினமும் சொல்வது. தம்பி பேசக் கற்றுக்கொண்டது அப்படித்தான். காதில் விழுந்த வாக்கியத்தை, சொன்னவரின் குரலோடு அப்படியே மனதில் வைத்துக்கொள்வான். தேவைப்படும்போது எடுத்துச் சொல்வான். டீ வேண்டுமென்றால் இப்படிக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அதை யார் சொல்லலாம், யார் சொல்லக்கூடாது என்பது தெரியாது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் நிமிர்ந்தார். "யார் ஊட்டுப் பையன்டா நீ?"

தம்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டீ ஆற்றும் கையைப் பார்த்தபடியே, அவர் கேட்ட அதே குரலில் திருப்பிச் சொன்னான்: "யார் ஊட்டுப் பையன்டா நீ?"

கேள்வி பிடிபடாதபோது கேள்வியையே திருப்பிச் சொல்வது அவன் இயல்பு. ஆனால் அங்கிருந்தவர்கள் காதில் விழுந்தது வேறு. காலனிப் பையன் ஒருவன் ஊர்ப் பெரியவரை 'டா' போட்டுக் கேட்டுவிட்டான். பெரியவர் எழுந்து கையை ஓங்கினார். நாங்கள் ஓடிப்போய் நடுவில் நின்றோம். "மன்னிச்சுடுங்க ஐயா, புத்தி சரியில்லாத புள்ளைங்க, பைத்தியங்க" என்றோம். கை இறங்கியது. "மொதல்லியே சொல்றதுதான? ஊட்ல கட்டிப் போட்டு வளக்கறதுதான?" என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

வழி முழுக்க நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தம்பி அடி வாங்கவில்லை, அது உண்மை. ஆனால் அவனைக் காப்பாற்றச் சொன்ன அந்த ஒரு வரியில் எதையெல்லாம் ஒப்புக்கொண்டோம்? அவன் பைத்தியம் என்று ஒப்புக்கொண்டோம். அது பொய். புத்தி சரியாக இருந்திருந்தால் அவன் அப்படிப் பேசியது குற்றம்தான் என்றும் சேர்த்தே ஒப்புக்கொண்டோம். அது அதைவிடப் பெரிய பொய். நாங்கள் மன்னிப்புக் கேட்டது ஆட்டிசத்துக்காக அல்ல, சாதிக்காக.

ஆட்டிசம் பார்த்தவுடன் தெரிகிற விஷயமில்லை. ஊன்றுகோலோ காது கேட்கும் கருவியோ கிடையாது. அதனால் புதிதாகச் சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் விளக்க வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், ரேஷன் கடைக்காரர், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுபவர், மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பவர் என்று இது தினமும் நடக்கிறது. களங்கம் சுமத்தப்பட்டவர்களே எதிரில் இருப்பவரின் சங்கடத்தையும் தீர்த்துவைக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் 'ஸ்டிக்மா' நூலில் விரிவாக எழுதினார். வகுப்பறையில் படித்தபோது அது தேர்வுக்கான பகுதி. வீட்டில் அது எங்கள் அன்றாட வேலை.

தமிழில் இதை மதியிறுக்கம் என்கிறார்கள். 'புற உலகச் சிந்தனையற்ற' என்ற சொல்லையும் அரசுத் தாள்களில் பார்த்திருக்கிறோம். வெளியுலக நினைப்பே இல்லாதவனாம்! எங்கள் நிறுத்தத்தில் நிற்கும் எல்லாப் பேருந்துகளின் எண்ணும் நேரமும் தம்பிக்கு மனப்பாடம். ஒரு பஸ் 5 நிமிடம் தாமதமானால் ஊரிலேயே முதலில் கவலைப்படுபவன் அவன்தான். அமெரிக்க மருத்துவர் லியோ கன்னர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, கேட்டதைத் திருப்பிச் சொல்வது, எல்லாம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் ஆகியவற்றைக் குறித்திருக்கிறார். ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் இன்னொன்றைச் சொன்னார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியவில்லை என்பது பாதிக் கதைதான். மற்றவருக்கும் ஆட்டிசம் உள்ளவரைப் புரிவதில்லை. இரண்டு பக்கமும் இருக்கிற சிக்கலுக்கு ஒரு பக்கத்தை மட்டும் குறை சொல்கிறோம் என்றார்.

இதில் சாதியைச் சேர்த்துப் பாருங்கள். சாதி என்பது பெரும்பாலும் யாரும் எழுதி வைக்காத விதிகள். யார் எதிரே எழுந்து நிற்க வேண்டும், யாரை 'ங்க' போட்டுப் பேச வேண்டும், எந்தத் தெருவில் எப்படி நடக்க வேண்டும் என்பதையெல்லாம் யாரும் பாடமாக நடத்துவதில்லை. பெரியவர்களின் முகத்தையும் பயத்தையும் பார்த்தே குழந்தைகள் படித்துக்கொள்கின்றன. எங்கள் பாட்டி 'ஆண்டே' என்று கூப்பிட்டவர். அம்மா 'ஐயா' என்கிறார். தம்பிக்கு எல்லோரும் 'நீ'தான். கலெக்டர் வந்தாலும் 'நீ', கன்றுக்குட்டியும் 'நீ'. பெஞ்சு என்றால் அவனுக்கு உட்காருவதற்கான பலகை. அதில் காலனி ஆட்கள் உட்காருவதில்லை என்பது பலகையில் எழுதியிருக்கவில்லையே!

அதனால் ஒரே குணத்துக்கு எங்கள் வீட்டில் இரட்டைத் தண்டனை. கூப்பிட்டவுடன் திரும்பாவிட்டால், வசதியான வீட்டுப் பிள்ளையை 'கூச்ச சுபாவம்' என்பார்கள். எங்கள் பிள்ளைக்கு அது 'திமிர்'. தலை குனிந்தே இருந்தால் ஊரில் 'அடக்கமான பையன்' என்று பாராட்டுகூடக் கிடைக்கும். பயிற்சி தந்த ஆசிரியை "கண்ணைப் பார்த்துப் பேசு" என்று சொல்லிக்கொடுத்தபோது பாட்டி நடுங்கிப்போனார். "யாரையாவது மொறச்சிப் பாத்தான்னு அடிச்சிடப் போறாங்க" என்றார். பள்ளியில் அவனுக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. காலனிப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்பது அங்கே யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. ஆட்டிசம் என்ற சொல்லை நாங்கள் முதலில் கேட்டபோது அவனுக்கு 11 வயது.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் பட்டியலிட்ட 7 வகைகளில் ஆட்டிசம் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 92ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பதையும் மிரட்டுவதையும் குற்றம் என்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் படித்தவர்களுக்கு இந்த வாசகம் பழக்கமானதாக இருக்கும். அதன் 3(1)(ஆர்) பிரிவின் சொற்கள் ஏறக்குறைய இவையேதான். தண்டனையும் அதேதான்: 6 மாதத்துக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம். டீக்கடை வாசலில் தம்பி இரண்டு சட்டத்துக்குள்ளும் நின்றுகொண்டிருந்தான். எங்கள் வீட்டில் சாதிச் சான்றிதழும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில்தான் இருக்கின்றன. ஆனால் ஓங்கிய கைக்கு முன்னால் உறையைத் திறக்க நேரமிருக்காது. அங்கே வாயில் என்ன வார்த்தை வருகிறது என்பதுதான் கணக்கு.

மன்னிப்புக்குப் பிறகு, நாங்கள் பாடம் நடத்திப் பார்த்தோம். "ஆட்டிசம் என்பது நரம்பு வளர்ச்சி சார்ந்த..." என்று தொடங்கினால் கேட்பவர் 'நோய்' என்று மட்டும் எடுத்துக்கொள்வார். "எப்ப சரியாவும்? குலதெய்வத்துக்கு வேண்டிக்கிட்டீங்களா?" என்பார். நேரமில்லாத இடங்களில் "அவன் அப்படித்தான், விட்டுடுங்க" என்று முடித்துக்கொண்டோம். ஒரு கல்யாண வீட்டில் மைக் செட் சத்தம் தாங்காமல் மூலையில் உட்கார்ந்து தம்பி தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்: "அவன் அப்படித்தான் விட்டுடுங்க, அவன் அப்படித்தான் விட்டுடுங்க." எங்கள் குரலில். இத்தனை ஆண்டுகள் அவன் தலைக்கு மேலே நாங்கள் பேசியதையெல்லாம் அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அன்றோடு அந்த வார்த்தையை விட்டோம். இப்போது மூன்று விஷயங்கள் மட்டும் சொல்கிறோம். அவன் என்ன செய்வான், அதற்கு என்ன பொருள், நீங்கள் என்ன செய்ய வேண்டும். மருத்துவமனையில்: "தம்பி முகத்தப் பாக்க மாட்டான், ஆனா கேட்டுக்கிட்டுதான் இருக்கான். ஒவ்வொரு கேள்வியா அவன்கிட்டயே கேளுங்க, பதில் வர கொஞ்ச நேரம் ஆவும்." பஸ்ஸில்: "கைய ஆட்டறான்னா சந்தோஷமா இருக்கான்னு அர்த்தம். உங்க மேல படாது." இதில் மன்னிப்பு இல்லை. ஆட்டிசம் என்ற சொல்கூட, கேட்டால் மட்டும்தான். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அவன் கேட்டாலும் வலிக்காத சொற்களில் சொல்கிறோம். கூடவே, அவன் வாயில் வைத்துக்கொள்ள வாக்கியங்களும் கொடுத்தோம். "எனக்குச் சத்தம் வேணாம்" என்பது அதில் ஒன்று.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. இரவில் போலீஸ்காரர் நிறுத்திப் பெயர் கேட்டு, அவன் கேள்வியைத் திருப்பிச் சொன்னால் என்னவாகும் என்ற பயம் இன்றும் உண்டு. கை ஓங்குகிற இடத்தில் முதலில் அவனைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் அப்போதும் 'பைத்தியம்' என்று சொல்ல மாட்டோம். "கேட்டதத் திருப்பிச் சொல்லுவான், அவ்ளோதான். கைய எறக்குங்க" என்போம்.

நம் கூட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்பேத்கர் பிறந்தநாள் நிகழ்ச்சி ஒன்றில் பறையடித்துத் தொடங்கியபோது தம்பி காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். "நம்ம பறைச் சத்தத்துக்கே காதப் பொத்தறானே, வெக்கப்படறானா?" என்று ஒரு தோழர் கேட்டார். "ஜெய் பீம்" சொன்னால் பதில் சொல்வதில்லை என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். அவர்கள் நல்லவர்கள். ஆனால் அவனிடம் ஓர் எழுதப்படாத விதியை எதிர்பார்த்தார்கள், மீறியபோது உள்நோக்கம் கற்பித்தார்கள். ஊர் செய்வதும் அதைத்தானே? விளக்கினோம், கேட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு பறை தொடங்கும் முன் ஒரு தோழர் வந்து அவனிடமே சொன்னார்: "தம்பி, இப்ப சத்தம் வரும், வெளிய நிக்கறியா?" அவன் "எனக்குச் சத்தம் வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றான். சத்தம் முடிந்ததும் தானே உள்ளே வந்தான். இது பெரிய செலவு பிடிக்கிற ஏற்பாடா, தோழர்களே? உங்கள் கூட்டத்திலும் விடுதியிலும் பேசாமல் மூலையில் நிற்பவர் ஒருவர் இருப்பார். என்ன வசதி வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

டீக்கடைக்கும் திரும்பப் போனோம். கடைக்காரரிடம், "டீ வேணும்னா அவன் இப்படித்தான் கேப்பான். எல்லாரும் உங்ககிட்ட கேக்கறதத்தான் கேக்கறான்" என்றோம். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் டீ கொடுக்கிறார். எங்களுக்கும் ஊருக்கும் இப்போது ஒரே பேப்பர் கப். தம்பி பெஞ்சில் உட்கார்ந்துதான் குடிப்பான். முதலில் சிலர் எழுந்து போனார்கள், இப்போதும் ஒருவர் போகிறார். அம்மா எப்போதும் கொஞ்சம் தள்ளி, புளியமரத்தடியில் நின்றே குடிப்பார். போன மாதம் முட்டிவலி. பஸ் வர நேரமானது. அம்மா போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். தம்பி நகர்ந்து இடம் கொடுத்தான்.

ஜெய் பீம்.